நாற்காலியின் அடியில் எழுதப்படாத பெயர்

‘டேனிஷ் நாற்காலி’ என்ற சொல் கொங்கு நாட்டுக்குள் நுழைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோவையின் உள்அலங்காரக் கடைகளில் தொடங்கி, சத்தியமங்கலம் சாலை வழியாக அன்னூர்ப் பக்கத்துத் தோட்ட வீடுகள் வரைக்கும் அது வந்துவிட்டது. விற்பவரிடமும் வாங்கியவரிடமும் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் மெலிந்த கால், வளைந்த கைப்பிடி, வெளிறிய மரம் என்பதற்கு மேல் பதில் வராது. இவர்களுக்கு எதிரணியில் நம் பழமைப் பிரியர்கள் நிற்கிறார்கள். ஓர் ஓட்டு வீடு இடிக்கப்பட்டு அதன் நிலையும் உத்திரமும் சாய்வு நாற்காலியும் பழைய மரக் கடைக்குப் போகும்போது, ‘அந்தக் காலத்து வேலைக்கு ஈடாகுமா’ என்று பெருமூச்சு விடுவதோடு இவர்களுடைய கடமை முடிந்துவிடுகிறது. முன்னவர்களின் கணக்கில் நம் தச்சருக்கு ‘ஃபினிஷிங்’ வராது. பின்னவர்களின் கணக்கில் நம் தச்சர் தெய்வீகக் கலைஞர். இரு சாராரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க விரும்புகிறோம்: உங்கள் வீட்டு நாற்காலியைச் செய்தவர் பெயர் என்ன?

இக்கேள்விக்குப் பதில் தெரிந்த வீடுகள் மிக அரிது. மரம் எங்கே வாங்கியது, கன அடி என்ன விலை, எந்தத் தாத்தா அதில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார் என்பதெல்லாம் தெரியும். செய்தவர் ‘ஒரு ஆசாரி’. இந்த அறியாமையை ஏதோ ஞாபக மறதி என்று கொள்ள நாம் தயாராக இல்லை. நம் மரவேலை இன்றிருக்கும் நிலைக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இதுவே என்பது நம் வாதம். அதை நிறுவ, இவர்கள் போற்றும் டென்மார்க்கிலிருந்தே தொடங்கலாம்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகம் வியந்த டேனிஷ் நாற்காலிகளுக்குப் பின்னால் சில மேதைகள் இருந்தார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது என்பது. 1924இல் கோபன்ஹேகனின் அரச நுண்கலைக் கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கெனத் தனிப் பாடத்துறை உருவானது. அதைக் கட்டியெழுப்பியவர் கோரே கிளிண்ட். மனித உடலின் அளவுகளையும் பழைய நாற்காலிகளின் அளவுகளையும் எடுத்து வரைவதே அங்கே பாடம். 1927 முதல் 1966 வரை கோபன்ஹேகனின் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. வரைந்தவரும் செய்தவரும் அங்கே ஜோடி ஜோடியாக அறியப்பட்டனர். ஹான்ஸ் வெக்னர் வரைந்தால் செய்தவர் யோஹன்னஸ் ஹான்சன். ஃபின் யூல் வரைந்தால் செய்தவர் நீல்ஸ் வோடர். வோடரின் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தால் மரத்தில் சுட்டுப் பொறித்த முத்திரையைக் காணலாம். அதில் தச்சர் வோடரின் பெயரும் இருக்கும், வடிவமைத்த யூலின் பெயரும் இருக்கும்.

வெக்னரின் வட்ட நாற்காலியை எடுத்துக்கொள்வோம். 1949இல் செய்யப்பட்டது. 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது பயன்பட்டதால் உலகப் புகழ் பெற்றது. அதன் முதுகும் கைகளும் ஒரே வளைவாக ஓடுபவை. அத்தனை நீளமான வளைவை ஒற்றைத் துண்டில் எடுக்க முடியாது. துண்டுகளை இணைத்துத்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் செய்தவற்றில் அந்த இணைப்புகள் கண்ணில் படாதிருக்க முதுகுப் பகுதியைப் பிரம்பால் சுற்றி மறைத்தார்கள். விரைவிலேயே அந்தப் பிரம்பு கழன்றது. விரல்களைக் கோத்தது போன்ற கோணல்மாணலான இணைப்பை அப்படியே வெளியில் தெரியவிட்டார்கள். இரண்டு துண்டுகள் எங்கே சேர்கின்றன, எப்படிச் சேர்கின்றன என்பதைப் பார்ப்பவர் விரலால் தடவி அறியலாம். வேலையை மறைப்பதிலிருந்து வேலையைக் காட்டுவதற்கு நகர்ந்த இந்தச் சிறு மாற்றத்தில்தான் டேனிஷ் நாற்காலியின் சாரம் இருக்கிறது. நம் கடைகளில் அப்பெயரால் விற்பவை எத்தனையில் இணைப்பு வெளியே தெரிகிறது? பூச்சுக்கு அடியில் திருகாணியும் பசையும்தான் தெரியும்.

இது செல்வந்தர் வீட்டு ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்களுக்கும் ஒரு தகவல். டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு 1942இல் மரச்சாமான் வடிவமைப்புக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, போர்கே மோகன்சன் என்பவரைத் தலைவராக அமர்த்தியது. 1947இல் அவர் வரைந்த ஜே 39 என்னும் நாற்காலி எளிய குடும்பங்களுக்கானது. தடித்த காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை, நான்கு நேரான கால்கள், அகன்ற ஒரு முதுகுப் பலகை. மக்கள் நாற்காலி என்றே அது அழைக்கப்பட்டது. அதே மோகன்சன்தான் ஓக் எனப்படும் கருவாலி மரத்திலும் தடித்த தோலிலும் 1950இல் வேட்டை நாற்காலியையும் 1958இல் ஸ்பானிய நாற்காலியையும் வடிவமைத்தார். மிகையான பளபளப்பு வேண்டாம் என்று ஓக் மரத்துக்கு வெறும் சோப்புக் கரைசல் பூசித் துடைக்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஓக்கில் ஆழமாகச் செதுக்கிய பருமனான கைநாற்காலிகளும் அக்காலத்தில் வந்தன. ஹென்னிங் யேர்னுல்ஃப் பெயரைச் சொல்லி வணிகர்கள் இன்று நல்ல விலைக்கு விற்பவை அவை. பெயர் ஒட்டியிருந்தால் விலை கூடுகிறது என்பதை அந்தச் சந்தை நன்றாக அறியும்.

உடனே ஒரு மறுப்பு வரும். அவர்களுக்கு நல்ல மரம் இருந்தது, நமக்கு இல்லை என்பார்கள். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 1807இல் பிரிட்டன் டென்மார்க்கின் கடற்படைக் கப்பல்களைக் கைப்பற்றிச் சென்ற பிறகு, புதிய கப்பல்களுக்காக டேனிஷ் அரசு ஓக் மரங்களை நட்டு வளர்த்தது. இங்கே ஆனைமலையின் தேக்கு 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷாரின் கப்பல் தளங்களுக்காக வெட்டப்பட்டு மலைச்சரிவில் உருட்டிவிடப்பட்டது. டாப்ஸ்லிப் என்ற பெயரே அந்தச் சரிவிலிருந்து வந்தது. அழிந்த தேக்குக் காட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை டாப்ஸ்லிப்பில் இருக்கிறது. கோவையில் 1902 முதல் இருக்கும் வன அருங்காட்சியகம் காஸ் என்ற வன அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் மரவகைகளை அங்கே போய்ப் பார்க்கலாம். ஆக, மரம் இருந்தது. மரத்தை நட்டவர் பெயரும் மரத்தைச் சேகரித்தவர் பெயரும் கல்லிலும் கட்டடத்திலும் இருக்கின்றன. அந்த மரத்தை இழைத்து நாற்காலியாக்கியவர் பெயர்தான் எங்கும் இல்லை.

ஏன் இல்லை? நம் சமூகத்தில் நாற்காலியைப் பற்றி வேறொரு கேள்வி மட்டுமே கேட்கப்பட்டு வந்தது. அதில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது அக்கேள்வி. திண்ணையும் பாயும் கயிற்றுக் கட்டிலும் புழங்கிய ஊர்களுக்குள் நாற்காலி அதிகாரத்தோடு சேர்ந்தே வந்தது. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்த சப் ஜட்ஜ் ஒருவர் கீழே விழுந்ததால்தான் அந்த வீட்டுக்கு நாற்காலி வேண்டும் என்ற எண்ணமே வருகிறது. வந்த நாற்காலி கடைசியில் ஊரில் இறந்தவர்களை உட்காரவைக்கப் பயன்படுகிறது. தோப்பில் முஹம்மது மீரானுக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த ‘சாய்வு நாற்காலி’யிலும் அந்த இருக்கை ஒரு குடும்பத்தின் பழைய அதிகாரத்தின் மிச்சம். வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றபடி குடும்பத் தலைவர் அதில் சாய்ந்து கிடக்கிறார். இலக்கியத்துக்கு வெளியேயும் இதுவே நிலை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர், தலித் பெண் என்பதால் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட படம் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

உட்காருபவரின் தகுதியையே நாற்காலியின் பொருளாகக் கொண்ட சமூகம், செய்தவரைப் பற்றிக் கேட்காது. கேட்டிருந்தால் இன்னொரு சங்கடமும் எழுந்திருக்கும். வெக்னர், டென்மார்க்கின் எல்லைப்புற ஊரான டொன்டரில் 1914இல் பிறந்தவர். அவருடைய தந்தை செருப்புத் தைக்கும் தொழிலாளி. மகன் சிறுவயதிலேயே உள்ளூர்த் தச்சுப் பட்டறை ஒன்றில் தொழில் கற்கச் சேர்ந்தார். நம் ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன் உளியும் இழைப்புளியும் பிடிக்க எந்தப் பட்டறை கதவைத் திறந்தது? ‘ஆசாரி’ என்று நாம் மரியாதையாகச் சொல்வதாக நினைக்கும் சொல் ஒரு சாதியின் பெயர். ஆசிரியனைக் குறித்த ஆச்சாரியன் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் அதைச் சொல்லும்போது நாம் ஒரு மனிதரைக் குறிப்பிடுவதில்லை. அவருடைய பிறப்பைக் குறிப்பிடுகிறோம். திறமை பிறப்பிலேயே வருகிறது என்று நம்பிவிட்டால், இவர் செய்தாலென்ன, அவர் அண்ணன் செய்தாலென்ன? பெயர் எதற்கு?

இந்த இடத்தில் நம் பழமைப் பிரியர்கள் ஒரு தத்துவத்தோடு வருவார்கள். ‘மேலைநாட்டுக் கலைஞன் தன் பெயரை முன்னிறுத்துவான், நம் கலைஞன் தன்னை அழித்துக்கொண்டு கலையை நிறுத்துவான், பெயரின்மையே நம் மரபு’ என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்ற பெயர் ஏறக்குறைய 1010ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் இருக்கிறது. அவரோடு வேறு தச்சர்களின் பெயர்களும் இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேரின் பெயர்கள் அவரவர் குடியிருந்த வீட்டோடு சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டத் தெரிந்த பெயரை, இன்று ஒரு பலகையின் அடியில் பென்சிலால் எழுத நமக்கு மனம் வரவில்லை. இதை மரபு என்று சொல்வது மரபுக்குச் செய்யும் அவமதிப்பு. பெயரின்மையைத் தச்சர் தேர்ந்தெடுக்கவில்லை. கூலி கொடுத்தவர்கள் அதை அவர்மேல் சுமத்தினார்கள்.

பெயரைத் தொலைத்தால் என்ன நேரும் என்பதற்குச் சண்டிகரைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. லெ கொர்பூசியே திட்டமிட்ட அந்நகரின் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் 1950களிலும் 60களிலும் ஏராளமான நாற்காலிகள் செய்யப்பட்டன. வடிவமைப்பை நடத்தியவர் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே. தேக்கிலும் சீசம் மரத்திலும் அவற்றைச் செய்தவை வட இந்தியப் பட்டறைகள். பிற்காலத்தில் அந்த நாற்காலிகளை அரசு அலுவலகங்கள் உடைசல் என்று ஏலம் விட்டன. ஐரோப்பிய வணிகர்கள் அள்ளிச் சென்று, சீராக்கி, பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் கனத்த விலைக்கு விற்றார்கள். 2011இல்தான் இந்திய உள்துறை அமைச்சகம் அவற்றைப் பாதுகாக்கும் உத்தரவைப் பிறப்பித்தது. இன்று அவை ‘ஜான்னரே நாற்காலி’. அவற்றின் வடிவமைப்பில் பங்கேற்ற இந்தியக் கட்டடக் கலைஞர் யூலி சௌத்ரியின் பெயரை ஏல அறிவிப்புகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இழைத்தவர்களின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. நாம் எழுதிவைக்காததால் உலகம் தனக்குத் தெரிந்த பெயரை எழுதிக்கொண்டது. உலகைக் குறை சொல்லி என்ன பயன்?

நமக்கு இன்னும் அருகில் புதுச்சேரி இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930களின் பிற்பகுதியில் எழுந்தபோது, கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டின் சார்பில் அங்கே தங்கி வேலை பார்த்தவர் ஜார்ஜ் நாகஷிமா. விடுதிக்கான தேக்கு மரச்சாமான்களை அவர் வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பிய அவர், உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினருக்கான தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே கென்டாரோ ஹிகோகவா என்ற ஜப்பானியத் தச்சரிடம் கைவேலையின் நுட்பங்களைக் கற்றார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும் தன் ஆசிரியர் இன்னார் என்று சொல்ல அவர் தயங்கவில்லை. முகாமில் அடைபட்டுக் கிடந்த ஒரு தச்சரின் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், அவரிடம் கற்றவர் அதைச் சொன்னார் என்பதுதான். கற்றவர் சொல்ல வேண்டும், அல்லது வாங்கியவர் சொல்ல வேண்டும். நம்மில் இருவரும் சொல்லவில்லை.

‘பெயர் எழுதினால் தொழில் பிழைத்துவிடுமா’ என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மட்டும் போதாது என்பதை ஏற்கிறோம். டென்மார்க்கிலேயே தச்சர் சங்கத்தின் கண்காட்சி 1966இல் நின்றுபோனது. ஆலைகளோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் பல மூடப்பட்டன. யோஹன்னஸ் ஹான்சனின் பட்டறையும் இன்று இல்லை. அங்கும் முத்திரையில் இருப்பது பட்டறைத் தலைவரின் பெயர்தான். அவருக்குக் கீழே கூலிக்கு இழைத்தவர்களின் பெயரை நாம் அறியோம். ஆனால் வரைபடமும் பெயரும் செய்முறையும் பதிவாகியிருந்ததால், வெக்னரின் வட்ட நாற்காலியை இன்றும் பி.பி. மோப்ளர் என்ற பட்டறை அதே இணைப்போடு செய்துவருகிறது. ஒரு பட்டறை மூடினால் இன்னொன்று எடுத்துச் செய்ய முடிந்தது. நம் ஊரில் ஒரு தச்சர் இறந்தால் அவர் கை அறிந்த கணக்கு அவரோடு எரிகிறது. சாய்வு நாற்காலியின் முதுகு எத்தனை சாய்வில் இருந்தால் வயதானவருக்கு எழுந்திருக்க எளிது, வேம்பை எத்தனை மாதம் நிழலில் போட்டால் விரியாது, துளையில் நாக்கைச் செருகி மூங்கில் ஆணியை எங்கே அடித்தால் ஆட்டம் கொடுக்காது என்பதையெல்லாம் அவர் எங்கே எழுதிவைத்தார்? யார் கேட்டார்கள்?

பெயர் கூலியையும் மாற்றும். மரவாடியில் மரத்துக்குக் கன அடி விலை பேசுகிறோம். அதே மரத்தில் செய்யும் வேலைக்கு நாள் கூலி பேசுகிறோம்; அலமாரி என்றால் சதுர அடிக் கணக்கு. இந்தக் கணக்கில் நன்றாகச் செய்தவரும் ஒப்பேற்றியவரும் சமம். இணைப்பை ஒரு நாள் கூடுதலாக உட்கார்ந்து பொருத்துபவர் நட்டப்படுகிறார். ஒட்டுப்பலகையில் மைக்கா ஒட்டி மூன்று நாளில் முடிப்பவர் பிழைத்துக்கொள்கிறார். பிறகு நாமே ‘இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை தெரியாது’ என்று சலித்துக்கொள்கிறோம். நாற்காலியில் செய்தவர் பெயர் இருந்தால் அதன் குறைக்கும் அவர் பொறுப்பாவார், நிறைக்கும் உரியவராவார். அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பெயரைத் தேடி வருவார். விலை சொல்லும் தகுதி அங்கே பிறக்கிறது.

அரசுகளும் இப்போது கைவினைஞர்களைப் பற்றிப் பேசுகின்றன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று அதை அப்படியே ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, சாதி வேறுபாடு இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. தொழிலைப் பிறப்போடு கட்டிப்போடக் கூடாது என்ற வாதத்தை முழுமையாக ஏற்கிறோம். ஆனால் கடனும் மானியமும் கருவிப் பெட்டியும் மட்டும் ஒருவரைக் கலைஞராக்குவதில்லை. அன்னூரில் ஒரு பட்டறைக்குக் கடன் கிடைத்து, அங்கே செய்த நாற்காலி கோவைக் கடையில் ‘டேனிஷ்’ என்ற சீட்டோடு விற்றால், கடனைக் கட்டியவர் பெயர் வங்கியில் மட்டுமே இருக்கும்.

கடைசியாக நம் இலக்கிய உலகத்துக்கும் ஒரு சொல். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வெளிவந்தது முதல் கொங்கு மண்ணின் உழவரை நம் நாவல்கள் நெருக்கமாக எழுதியிருக்கின்றன. பெருமாள்முருகன் 2000இல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதி இம்மண்ணின் சொற்களைத் திரட்டித் தந்தது. அந்த உழவர் வீட்டுக் கலப்பையையும் வண்டியையும் கதவையும் கட்டிலையும் செய்தவர் இந்த எழுத்துகளுக்குள் எவ்வளவு இடம் பெற்றார்? டென்மார்க்கின் நாற்காலியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. நம் சாய்வு நாற்காலியின் அளவுகளை வரைந்து, பாகங்களின் பெயர்களைக் கேட்டெழுதி, செய்தவர்களின் பெயர்களோடு தமிழில் ஒரு சிறு நூலாவது வர வேண்டாமா? இதற்கு நிதியோ நிறுவனமோ தேவையில்லை. ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் போதும். கேட்கும் காது வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை எளியது. மரவேலை செய்யச் சொல்பவர்கள், வேலை முடிந்ததும் பொருளின் அடியில் செய்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் மரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அவர் கூச்சப்பட்டால் எழுதுகோலை அவர் கையில் கொடுங்கள். உதவிக்கு நின்ற பையன் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய வீடு இடிப்பவர்கள், மரத்தை எடை போடும் முன் ஊரில் மூத்தவர் ஒருவரிடம் இதைச் செய்தது யார் என்று கேளுங்கள். ஒரு பெயராவது மிஞ்சும். கடைக்காரர்கள், டென்மார்க்கின் பெயரைச் சீட்டில் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த நாட்டவர் செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தைக் கடன் வாங்குங்கள்: நாற்காலியைத் திருப்பிப் போட்டால் ஒரு மனிதரின் பெயர் தெரிய வேண்டும்.